ஒரே வீடு, ஒரே சிரிப்பு

தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பது ஏன் என்று அன்பர் ஒருவர் வினவினார். எழுதுவோருக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்பது அவர் கருத்து. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

அமெரிக்காவில் 1951-ஆம் ஆண்டு ‘ஐ லவ் லூசி’ என்னும் தொடர் தொடங்கிற்று. மக்களை எதிரே அமர்த்தி, மூன்று காமிராக்களை ஒருங்கே இயக்கி, படச்சுருளில் பதிவு செய்தனர். மக்கள் அமர்ந்த பக்கத்தில் வீட்டுக்குச் சுவர் இருத்தலாகாது. ஆதலின் சோபா அவர்களை நோக்கியே கிடந்தது. கதவைத் திறந்து நுழைபவர் உடனே எல்லோர் கண்ணிலும் பட்டார். பின் வந்த தொடர்கள் பலவும் அந்தச் சோபாவிலேயே வந்து அமர்ந்தன. இது குற்றமன்று. நம் தெருக்கூத்திலும் கட்டியங்காரன் மாறுவதில்லையே!

கதையும் ஒத்திருப்பதற்குக் காரணம் பணத்தைப் பற்றிய அச்சம். 1964-ல் ஏ.பி.சி. நிறுவனம், மாயம் வல்ல மனைவியொருத்தியைக் கொண்டு ‘பிவிட்ச்டு’ தொடரை ஒளிபரப்பி வெற்றி கண்டது. மறு ஆண்டே போட்டி நிறுவனமான என்.பி.சி. ‘ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி’யைக் கொணர்ந்தது. அங்கே மூக்கை அசைத்தால் மாயம். இங்கே கண்ணிமைத்தால் மாயம். இதனைப் படைத்தவர், நம் ரயில் நிலையப் புத்தகக் கடைகள் நாவலாசிரியராக அறிந்த சிட்னி ஷெல்டனே. கற்பனையற்றவர் என்று அவரை எவரும் சொல்லார். ஆனால், பணம் போடுகிறவர் “இது ஓடுமா?” என்று கேட்கும்போது, “அங்கே ஓடிற்று” என்பதினும் நல்ல விடை வேறு ஏது?

இதுவரை நமக்கு நட்டமில்லை. கதையோடு மனிதரையும் பார்த்தெழுதும்போதுதான் தொல்லை. 1968-ல் வெளிவந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூத், குடுமியும் கொச்சை இந்தியுமாய், தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக வந்து நாட்டையே சிரிக்க வைத்தார். நாற்பதாண்டு கழித்து, 2008-ல் தொடங்கிய ‘தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா’ தொடரில் ஐயர் என்னும் தமிழர் வந்தார். அவரை விஞ்ஞானியாக்கினார்கள், அதற்கு நன்றி. ஆயினும் அந்த ‘ஐயையோ’ மட்டும் ஓயவில்லை.

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துச் சிறுவன் ஒருவன் மேடையேறித் ‘தமிழர்’ ஒருவராக நடித்துக் காட்டினான். தன் தந்தை பேசுவதுபோல் அவன் பேசவில்லை; தொலைக்காட்சித் தமிழர் பேசுவதுபோல் பேசினான். நாமும் கைதட்டினோம். அருகில் அமர்ந்திருந்த அவன் பாட்டியார், “யாரைப்போல் பேசுகிறான்?” என்று நம்மைக் கேட்டார்.