காடியை இறக்கியாச்சு... பின் டயர் என்ன சொல்கிறது?

இந்த வாரம் கொஞ்சம் கிரீஸ் ஒட்டிய விஷயம். காடிப் பிரியர்கள் வீட்டில் இருந்தால் பத்திரிகையை அவர்கள் பக்கம் தள்ளிவிடுங்கள்.

பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் நேயர் தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, செகண்ட் ஹேண்ட்ல டொயோட்டா 86 எடுத்தேன். ஸ்பிரிங் மாத்தி இறக்கிட்டேன். இப்போ பின் டயர் உள்பக்கமா தேயுது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆர்ம் போடச் சொல்றாங்க. எதை வாங்கறது?"

வாங்குவதா வேண்டாமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் தம்பி.

86 என்பது டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி, 2012-இல் விற்பனைக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார். என்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். அந்தப் பின் சக்கரத்தைப் பல கைகள் பிடித்திருக்கின்றன. அவைதான் ஆர்ம். காடியை இறக்கும்போது அந்தக் கைகளின் கோணம் மாறி, டயரின் தலை உள்ளே சாய்கிறது. இதற்குப் பெயர் கேம்பர். 17 அங்குல ரிம் போட்ட 86-இல் ஒரு டிகிரி சாய்ந்தால், டயரின் உச்சிக்கும் அடிக்கும் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் வித்தியாசம். கண்ணுக்குச் சின்னதுதான். டயருக்கு அப்படியில்லை.

இன்னொன்று டோ. நின்றபடி குனிந்து உங்கள் பாதங்களைப் பாருங்கள். பெருவிரல்கள் உள்நோக்கி இருந்தால் டோ-இன், வெளிநோக்கி இருந்தால் டோ-அவுட். டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் சாய்வைவிட இந்த டோதான். பின் சக்கரம் டோ-அவுட்டில் இருந்தால் ஆபத்தும் உண்டு. தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து பெரிங்கி போகும் வளைவுகளில், மழை நேரத்தில், வால் பக்கம் நழுவப் பார்க்கும்.

அதனால் ஆர்முக்கு முன்னால் ஓர் அலைன்மெண்ட் செய்து, அளவுத் தாளைக் கையில் வாங்குங்கள். 86-இல் பின் டோவைத் திருத்தக் கம்பெனியே வழி வைத்திருக்கிறது. பின் கேம்பருக்குத்தான் இல்லை. டோவைச் சரிசெய்த பிறகு கேம்பர் மைனஸ் 2 டிகிரிக்குள் இருந்தால், தெருவில் ஓட்டுவதற்கு அது போதும். ஆர்ம் பணத்தை நல்ல டயருக்குப் போடலாம். அதைத் தாண்டினாலோ, இடமும் வலமும் ஒத்துப்போகாவிட்டாலோ, அப்போதுதான் ஆர்ம்.

முதலில் வாங்க வேண்டியது கீழ் ஆர்ம் ஜோடி. அதைக் கொஞ்சம் குட்டையாக்கினால் டயரின் அடிப்பக்கம் உள்ளே வரும், சாய்வு குறையும். ஆனால் ஒரு கையை அசைத்தால் டோவும் சேர்ந்து நகரும். ஆர்ம் மாட்டிய அன்றே மறுபடி அலைன்மெண்ட் செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் ஆர்ம் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது, ஆர்மின் முனையில் என்ன இருக்கிறது? பந்து போன்ற இரும்பு மூட்டு என்றால் ஓட்டம் துல்லியமாக இருக்கும். செப்பாங் பந்தயப் பாதைக்கு அது பொருத்தம். நம் ஊர் மழையும் மண்ணும் உள்ளே போனால் தேய்ந்து, 'டொக் டொக்' என்று தாளம் போட ஆரம்பித்துவிடும். தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு ரப்பர் புஷ்ஷே போதும். பாலியூரித்தேன் இடைப்பட்டது. பிடிப்பு கூடும், ஆனால் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். இரும்பு மூட்டுதான் வேண்டும் என்றால், தூசு மறைக்கும் உறை உள்ளதாகப் பாருங்கள்.

நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஊதா நிற அலுமினியம் காடிக்கு அடியில் யாருக்குத் தெரியப் போகிறது? வெல்டிங் சீராக இருக்கிறதா, உதிரி புஷ் தனியாகக் கிடைக்குமா, மரையை எவ்வளவு தூரம் வெளியே திருகலாம் என்ற எல்லை எழுதியிருக்கிறதா? இவற்றைக் கேளுங்கள். பெயரில்லாத மலிவுப் பெட்டியில் இதற்கெல்லாம் பதில் இருக்காது.

பட்டறையில் இரண்டு வேலைகளைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ரப்பர் புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது காடியின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இரண்டாவது, பூட்டு நட். இறுக்கிய பின் அதன் மேல் பெயின்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் கோடு விலகியிருந்தால் நட் தளர்கிறது என்று அர்த்தம்.

மாற்றுவதற்கு முன் ஜேபிஜே ஒப்புதல் பற்றியும் காப்புறுதி பற்றியும் விசாரித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு விசாரிக்கிற விஷயமல்ல அது.

தம்பி, இன்றைக்கே ஒரு வேலை. டார்ச் அடித்துப் பின் டயர்களின் உள்விளிம்பைப் பாருங்கள். வெளியே இருந்து பார்த்தால் டயர் புதுசு போலவே இருக்கும். உள்ளே கம்பி தெரிந்தால், எந்த ஆர்ம் என்ற கேள்வி அடுத்த மாதச் சம்பளம் வரை காத்திருக்கலாம். டயர் காத்திருக்காது. இந்த ஞாயிறு அம்மாவை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலைக்குக் கிளம்பும் முன் அதை மாற்றிவிடுங்கள்.