தாலி கட்டினால் விசா வந்துவிடாது

நெல்லைப் பக்கத்துச் சேரன்மகாதேவியில் தை மாத முகூர்த்தம் ஒன்றில், பந்திக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் பேச்சைக் கேட்டால் போதும். மாப்பிள்ளை வெளிநாடு என்றால் அடுத்த கேள்வி, "பொண்ணு எப்பப் போறா?" என்பதுதான். பதிலும் தயாராக இருக்கும்: "தாலி ஏறியாச்சுல்லா, அடுத்த மாசமே அவரு கூட்டிட்டுப் போயிருவாரு." ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள், மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொந்தக்காரர்கள் மூலம் விசாரித்தவர்கள், அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள். கல்யாணம் முடிந்தால் விசா தானாக வரும் என்ற நம்பிக்கை தாமிரபரணிக் கரையில் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

இந்த நம்பிக்கை தவறு. இதற்கு விலை கொடுப்பவள் பெரும்பாலும் மணப்பெண்.

கணவனோ மனைவியோ இருக்கும் நாட்டுக்குள் நுழைய மற்றவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி, பெரிய நீதிமன்றங்கள் வரை போய் வந்த ஒன்று. பிரிட்டனில் குடியிருந்த மூன்று பெண்கள், தங்கள் கணவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். 1985 மே 28 அன்று தீர்ப்பு வந்தது. ஆண்களுக்கு ஒரு விதி, பெண்களுக்கு ஒரு விதி என்று வைத்திருந்தது பாரபட்சம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால், தம்பதி எந்த நாட்டில் வாழ விரும்புகிறார்களோ அதை ஏற்றே தீர வேண்டும் என்ற பொதுவான கடமை அரசுக்கு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதன்பின் பிரிட்டன் செய்த திருத்தம், கணவர்களுக்கு இருந்த சோதனைகளை மனைவியருக்கும் நீட்டித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 21 அன்று முன்யோஸ் வழக்கில் இன்னும் கறாராகப் பேசியது. எல் சால்வடாரைச் சேர்ந்த கணவருக்கு விசா மறுக்கப்பட்டதால் வழக்குத் தொடுத்தவர் அமெரிக்கக் குடிமகள். வெளிநாட்டவரான துணை நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமை ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்தக் குடிமகளுக்கே இதுதான் நிலை என்றால், தற்காலிக வேலை விசாவில் இருக்கும் நெல்லைக்காரரின் மனைவிக்கு எந்த நாடு கதவைத் திறந்து வைத்திருக்கும்?

நாட்டுக்கு நாடு விதி வேறு. மாப்பிள்ளையின் விசாவுக்கு விசா விதி வேறு. "லண்டன் மாப்பிள்ளை" என்ற ஒரே சொல்லுக்குள் பல நிலைகள் ஒளிந்திருக்கின்றன. அவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருந்தால், 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். அதற்கு முன்பு அது 18,600 பவுண்டாக இருந்தது. மனைவி இங்கே பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் வாங்கும் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. தனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதையும் மனைவி நிரூபித்தாக வேண்டும். மாப்பிள்ளை முதியோர் பராமரிப்பு வேலைக்கான விசாவில் 2024 மார்ச் 11-க்குப் பிறகு போனவர் என்றால், மனைவியை அழைத்துக்கொள்ளவே முடியாது. அதே ஆண்டு ஜனவரி முதல் அங்கே முதுகலை படிக்கப் போனவர்களில் ஆராய்ச்சிப் படிப்பில் இருப்பவர்களைத் தவிர மற்ற பெரும்பாலோருக்கும் அந்த வழி அடைபட்டுவிட்டது.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்கள் குடும்பத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள முடியாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் இருந்தாலும் மனைவியை அழைக்க மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி எட்ட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் வீடும். ஜெர்மனிக்குப் பல மனைவியர் புறப்படுமுன்பே தொடக்கநிலை ஜெர்மன் தேர்வில் தேற வேண்டும்.

ஆஸ்திரேலியா கேட்பது வேறு விதம். பணம் எப்படிப் பகிரப்படுகிறது, வீடு எப்படி நடக்கிறது, ஊர் உறவு இவர்களைத் தம்பதியாக அறிகிறதா, ஒருவருக்கொருவர் எவ்வளவு உறுதி கொண்டிருக்கிறார்கள் என்ற நான்குக்கும் சான்று வேண்டும். இருபது நாள் லீவில் வந்து, பெண் பார்த்து, கட்டிக்கொண்டு விமானம் ஏறிய மாப்பிள்ளைக்கும் அவர் மனைவிக்கும் இடையில் என்ன சான்று இருக்கும்? ஆல்பம் இருக்கும், வீடியோ இருக்கும். அதற்குப் பிந்தைய மாதங்களின் தொலைபேசிப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, மாமியார் வீட்டில் மனைவி இருந்ததற்கான அடையாளம் இவற்றை யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

"எத்தனையோ பேர் போயிருக்காங்களே" என்பார்கள். போனார்கள், உண்மை. எச்-1பி விசாவில் அமெரிக்கா போன மென்பொறியாளர்களின் மனைவியர் எச்-4 விசாவில் பின்னாலேயே போனதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு வலுத்தது. அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்ற மறுபாதியை ஊர் பேசவில்லை. 2015 மே வரை எச்-4 விசாவில் வேலை பார்க்கவே முடியாமல் இருந்தது. அதன் பிறகும், கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் பெரும்பாலும் வேலை அனுமதி. இங்கே பொறியியல் படித்து வேலையில் இருந்தவர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் சமையலறையோடு நின்றார்கள்.

இன்னொரு வாதம், "முதல்ல டூரிஸ்ட் விசாவுல போயிரட்டும், அங்க போய் மாத்திக்கிடலாம்." பிரிட்டனில் சுற்றுலா விசாவில் நுழைந்தவர், அங்கிருந்தபடியே துணைவர் விசாவுக்கு மாற முடியாது. ஏஜென்ட் பொய்க் காகிதம் சேர்த்துக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். மோசடி என்று தெரிந்தால் பிரிட்டன் 10 ஆண்டுகள் வரை விண்ணப்பங்களை மறுக்கும். பொய்யைச் சேர்த்தவர் ஏஜென்ட். விண்ணப்பத்தில் இருப்பதோ பெண்ணின் பெயர்.

விண்ணப்பதாரர் அவள்தான் என்பதையே இந்த நம்பிக்கை மறைத்துவிடுகிறது. விசா மாப்பிள்ளை வீட்டு வேலை என்று விட்டுவிடுவதால், என்ன கேட்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, விண்ணப்பம் போடப்பட்டதா என்பதுகூட அவளுக்குத் தெரியாமல் போகிறது. வேலையை விட்டிருப்பாள். நகை கைமாறியிருக்கும். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "இன்னும் போகலியா?" என்று கேட்பார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளைகளால் கைவிடப்பட்ட மனைவியரின் புகார்களைக் கவனிக்க தேசிய மகளிர் ஆணையத்தில் தனிப் பிரிவே இயங்குகிறது. வெளிநாட்டு இந்தியர் திருமணங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வழிசெய்யும் மசோதா 2019-இல் மாநிலங்களவையில் வைக்கப்பட்டது. முழுமையான சட்டம் தேவை என்று 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 287-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

அந்தச் சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 முதல் நடப்பில் இருக்கிறது. எந்த மதமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மண்டபத்துக்கும் கேட்டரிங்குக்கும் ஆறு மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுக்கும் வீடுகள் இதைக் கடைசி வேலையாக வைத்திருக்கின்றன. ஆவணங்களில் பெயர் விஷயம் அதைவிடச் சிக்கல். பக்கத்திலிருக்கும் பத்தமடையில் மணமக்கள் பெயரை நெய்து கோரைப்பாய் தருவார்கள். அதில் எழுத்து எப்படி இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பாஸ்போர்ட்டில் கேட்பார்கள். அப்பா பெயரின் இனிஷியலோடு படித்தவள், கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரின் இனிஷியலுக்கு மாறினால், மதிப்பெண் சான்றிதழில் ஒருத்தி, ஆதாரில் ஒருத்தி என்று ஆகிவிடுகிறது. பிறந்த ஊரும் தப்பவில்லை: சேரன்மகாதேவி, சேரன்மாதேவி, ஷெர்மாதேவி என்று இந்த ஊரின் பெயரே ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்பட்டிருக்கிறது.

மாப்பிள்ளையின் விசாவைக் கேட்பது மரியாதைக் குறைவு, அபசகுனம் என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. எத்தனை பவுன் என்று பெண் வீட்டாரிடம் கேட்கும்போது எழாத சங்கடம் இதில் மட்டும் ஏன் எழ வேண்டும்? நிச்சயத்துக்கு முன்பே பெண்ணின் அப்பாவோ அண்ணனோ, இன்னும் நல்லது பெண்ணே, மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நீங்கள் இருப்பது எந்த விசா, அது எப்போது முடிகிறது? அதில் மனைவி வர இடம் உண்டா? வந்தால் அவள் வேலை பார்க்கலாமா? பதிலை வாய்ச்சொல்லாக வாங்கிக்கொண்டு எழுந்துவிடாமல், விசாவின் நகலையும் கேட்டு வாங்கி, அந்த நாட்டு அரசு வெளியிட்டிருக்கும் விதியோடு ஒப்பிட வேண்டும். வெற்றிலைத் தட்டு மாறுவதற்கு முன்னால் அதற்கு ஒரு சாயங்காலம் போதும்.