பெற்ற வயிறு எரிகிறது என்றால்

கால் வலித்தால் காலைத் தொட்டுக் காட்டலாம். பல் வலித்தால் வாயைத் திறந்தால் போதும். உள்ளம் நொந்தவர் எதைத் தொட்டுக் காட்டுவார்? அவருக்குச் சொல் ஒன்றே துணை. அச்சொல் வைத்தியருக்கு விளங்காத மொழியில் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இத்திங்கள் ஆராயப் புகுகிறோம்.

நம் ஹனூர்ப் பகுதியின் நிலை தனி. கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பழைய தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே வேற்று மாநிலத்தவர் ஆயின. பிழைப்பு நாடிப் பின்னர் வந்தோரும் உளர். ஆடவர் சந்தையில் கன்னடம் பழகிவிடுகின்றனர்; பிள்ளைகள் பள்ளியில் கற்கின்றனர். மணமாகி வந்த மகளிரும் முதியோருமே வீட்டுத் தமிழோடு நின்றுவிடுகின்றனர். மருத்துவமனையில் அவர்களுக்காகப் பேசுவது யார்? பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைதான்.

ஒரு தாய், "பெற்ற வயிறு எரிகிறது" என்கிறாள் எனக் கொள்வோம். பத்து வயதுப் பிள்ளை அதைச் சொல்லுக்குச் சொல் கன்னடத்தில் பெயர்க்கிறான். வயிறு எரிவதாகக் கேட்ட வைத்தியர் புளிப்பு அடங்க மாத்திரை எழுதுகிறார். 'ஹொட்டெ உரி' என்று சொல்லியிருந்தாலோ, அது அங்கே பொறாமைக்கு வழங்கும் சொல்! தாயின் துயரம் மாத்திரையாகவோ பொறாமையாகவோ முடிகிறது. "நெஞ்சடைக்கிறது" என்றால் இருதயத்தைச் சோதிக்க அனுப்புகிறார்கள். சோதிப்பது தவறன்று, இருதயத்தில் குறையில்லை என்று வந்த பிறகு வேறு என்ன என்று கேட்கும் வழி அடைபட்டு நிற்பதே கவலைக்குரியது. கன்னட வைத்தியரைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்குக் கிடைத்தது அவ்வளவே.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பற்றி, அவன் பெற்ற மகனையே இடையில் நிறுத்தி எந்தப் பெண் பேசுவாள்? "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என வைத்தியர் கேட்டால், அதைத் தன் தாயிடம் கேட்க வேண்டியவள் அச்சிறுமி! அப்பிள்ளையின் உள்ளத்தில் அக்கேள்வி எத்தனை ஆண்டு தங்கும்?

இருப்புப்பாதை எழுத்தர்களாகிய எமக்கு ஒரு வசதி. சீட்டு வாங்குவோர் ஊர்ப் பெயர் ஒன்றைச் சொன்னால் போதும். மொழி தெரியாவிட்டாலும் எம் வேலை முடிந்துவிடும். உள நோய்க்கு அப்படி ஊர்ப் பெயர் இல்லை.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஃபிரான்ஸ் ஃபனோன் என்னும் உளநோய் வைத்தியர் மார்த்தினீக் தீவில் பிறந்த கறுப்பர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் 1953இல் பணியேற்றார். வெள்ளையருக்கிடையே அவர் கறுப்பர். நோயாளருக்கிடையே அரபு அறியாதவர். கூட்டம், விழா, நாடகம், நோயாளரே நடத்தும் செய்தித்தாள் என்று அவர் வகுத்த முறை ஐரோப்பியப் பெண்கள் பகுதியில் நல்ல பயன் தந்தது. முஸ்லிம் ஆண்கள் பகுதியில் அதுவே படுதோல்வி கண்டது. நோயாளர் மந்தமானவர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எளிதாய் இருந்தது; அந்நாளில் பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஃபனோன் சொல்லவில்லை. பிறர் வாழ்க்கைக்குத் தைத்த சட்டையை இவர்களுக்கு மாட்டினோம் என்று உணர்ந்தார். அவ்வூர் வழக்கப்படி ஒரு காப்பிக்கடையை மருத்துவமனைக்குள்ளேயே திறந்தார்; அவர்களுடைய பண்டிகைகளைக் கொண்டாடச் செய்தார்; கதை சொல்லியை வரவழைத்தார். மொழிபெயர்ப்பாளர் நடுவே நின்றால் நோயாளிக்கு நீதிமன்றமும் சர்க்கார் கச்சேரியும் நினைவு வருவதையும் தம் துணை வைத்தியர் அசுலேயுடன் 1954இல் எழுதி வைத்தார். சிறுபான்மையில் பிறந்தவர் கண்ணுக்கு இது சற்று விரைவில் புலப்பட்டிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

அதற்காகத் தமிழ் வைத்தியர்தான் வேண்டுமென்று பிடிவாதம் செய்யலாகாது. சிற்றூரில் நம்மவர் என்றால் அவர் நம் மாமன் வீட்டுக்கும் பழக்கமானவராய் இருப்பார். அதனாலேயே வாய் திறக்கக் கூசுவோரும் உண்டு. முகமறியாத ஒருவர் நம் மொழியில் கேட்டால் சிலருக்கு அதுவே ஆறுதல்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் நமக்குத் துணை நிற்கிறது. நோயைப் பற்றியும் மருத்துவத்தைப் பற்றியும் நோயாளிக்கு விளங்கும் மொழியில் தகவல் பெறுவது உரிமை என 22ஆம் பிரிவு கூறுகிறது. அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டியதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பு அளிப்பது சர்க்காரின் கடமை என்றும் 115ஆம் பிரிவு சொல்கிறது. போலீசுக்கு அஞ்சிப் பூச்சிமருந்து குடித்தவரை வீட்டிலேயே வைத்திருந்து உயிரை இழக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மத்திய சர்க்கார் 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய 'டெலி-மானஸ்' என்னும் தொலைபேசி உதவிக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் வழிகாட்டுகிறது. எண் 14416. கட்டணம் இல்லை; இரவு பகல் எந்நேரமும் பேசலாம். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது தமிழைக் குறிக்க வேண்டும். வீட்டில் கன்னடமோ எழுத்தோ அறியாதார் இருப்பின், எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போய்விடுவது நல்லது.