வேலிக்குள் மீட்பு இல்லை

ஆப்பிரிக்க மான்களைக் குடும்பப் பண்ணைகளில் வளர்த்து, பணம் பெற்று வேட்டைக்கு விடுவது டெக்சாசில் ஒரு தொழில். தங்கள் தொழிலே அம்மான்களைக் காத்தது என்பர் பண்ணையார்கள். அதில் பாதி உண்மை உண்டு. வாளென வளைந்த கொம்புடைய ஓரிக்ஸ், காட்டில் அற்றுப்போனதாக 2000-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபோதும், அப்பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தது.

ஆயின், அந்த ஆயிரங்கள் அவ்வறிவிப்பை மாற்றினவா? இல்லை. 2016 முதல் சாட் நாட்டுப் புல்வெளியில் திறந்துவிடப்பட்டு, அங்கே கன்று ஈன்று பெருகிய பின்னரே 2023-இல் அது மாறியது. பண்ணை வித்தைக் காக்கலாம். வாழ்வைத் தருவது நிலமே.

நம் நாட்டு வெளிமானும் 1932-இல் டெக்சாசுக்குச் சென்றது. அங்கே அதன் தலைக்கு விலை உண்டு. இங்கோ 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காக்கிறது. 1967-இல் அமைந்த கோடியக்கரைச் சரணாலயத்தில் உரிமையாளர் எவருமின்றி மேய்கிறது.

இரும்பைக்கு வடக்கே கழுவேலியும் 2021-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. அறிவிப்புப் பலகையோடு நம் கடமை முடிந்ததா? ஏரி சுருங்கினால் பறவைகளை எந்தக் கூண்டில் காப்போம்? உயிரை நேசிப்போர் முதலில் அதன் இடத்தை விட்டுவைக்கட்டும்.