ஒரே ஒரு கல்தானே சார்?



விடுமுறைக்கு ராமேஸ்வரம், பாம்பன், தூத்துக்குடி பக்கம் போய்வந்தவர்கள் படங்களைப் போட்டிருக்கிறீர்கள். பார்த்தேன், மகிழ்ச்சி. ஆனால் சில படங்களைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. ஒருவர் கையில் உயிரோடு ஒரு நட்சத்திரமீன். இன்னொருவர் வீட்டு ஷோகேஸில் பவளப்பாறைத் துண்டு. கேட்டதற்கு, "ஒரே ஒரு கல்தானே சார்" என்று பதில். பெயர் சொல்லப்போவதில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், அது கல் இல்லை. பவளம் ஒரு விலங்கு. குண்டூசித் தலையளவு உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கட்டிய வீடு அது. பாறை போன்ற வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். உங்கள் ஷோகேஸில் இருக்கும் ஒரு சாண் துண்டு வளர எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்? கணக்கு நீங்களே போடுங்கள்.

மன்னார் வளைகுடாவில் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-இல் அவற்றைச் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் கடல் தேசியப் பூங்கா ஆனது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆவுளியா மேயும் கடல்புல்லும், ஆமையும், கடல் அட்டையும் உள்ள இடம். அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம். வெட்டியவர்கள் ஒவ்வொருவரும் "நான் ஒரு வள்ளம்தானே எடுத்தேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"செத்துக் கரையில் ஒதுங்கியதைத்தானே எடுத்தோம்" என்பது அடுத்த சமாதானம். அந்தத் தீவுகளின் மணலே செத்த பவளமும் உடைந்த சிப்பியும்தான். அலை அரித்துக்கொண்டு போவதை இந்தச் சில்லுகள்தான் ஈடுகட்டுகின்றன. காலிச் சங்குக்கும் ஆள் உண்டு. துறவி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. காலிச் சங்கில்தான் குடியிருக்கும். வளர வளரப் பெரிய சங்கு தேடும். அழகான சங்கையெல்லாம் நாம் பொறுக்கிவந்தால் அது எங்கே போகும்?

நட்சத்திரமீன் தண்ணீரிலிருந்துதான் ஆக்ஸிஜன் எடுக்கிறது. வெளியே தூக்கிப் பிடித்துப் படமெடுக்கும் நேரமெல்லாம் அதற்கு மூச்சுத் திணறும். திரும்ப விட்டுவிட்டோம் என்பதால் பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது.

"கடையில் காசு கொடுத்து வாங்கினேன்" என்பவர்களுக்கு ஒன்று. பவளப்பாறை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் இருக்கிறது. விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். மூன்றாண்டுக்குக் குறையாத சிறை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். பாம்பன் சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகக் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஆக்ஸிஜன் குழாய் எதுவும் இல்லாமல், மூச்சைப் பிடித்து மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிப்பார்கள். பூங்கா வந்தபின் தீவுப் பக்கம் போனால் தடை. அதிலும் அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, வளரும் பருவத்தில் 45 நாள் நிறுத்துவது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அடுத்த வேளைச் சோற்றுக்காகக் கடலில் இறங்குகிறவர்களிடம் இந்த ஒழுக்கம் இருக்கிறது. பட்டம் பெற்று, சம்பளம் வாங்கி, காரில் போய், லைக்குக்காகக் கடலில் இறங்கும் நம்மிடம் இல்லை. சட்டம் அவர்களுக்கு மட்டும்தானா? நமக்கு அது வெறும் அறிவிப்புப் பலகையா?

"கழிவுநீர், அனல்மின் நிலையச் சாம்பல், இழுவைமடி, கடல் சூடேறுவது, இதையெல்லாம் விட்டுவிட்டு எங்களைத் திட்டுகிறீர்களே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2016-இல் கடல்நீர் சூடாகி அங்கே பவளம் வெளுத்துச் செத்தது நீங்கள் பொறுக்கியதால் அல்ல. பெரிய சேதம் பெரியவர்கள் செய்வதுதான். அதைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஷோகேஸில் பவளத்தை வைத்துக்கொண்டு எந்த வாயால் கேட்பீர்கள்?

போகவேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். வனத்துறை அனுமதித்த படகில், அனுமதித்த இடத்துக்கு மட்டும் போங்கள். பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள். எதையும் தூக்காதீர்கள். கொண்டுபோன பாட்டிலையும் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். கடையில் பவளம் வைத்திருந்தால் வாங்காமல் வாருங்கள். வாங்க ஆளில்லை என்றால் வெட்டவும் ஆள் இருக்காது. படகோட்டும் அண்ணனிடம் பேச்சுக் கொடுங்கள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத சங்கதி அவரிடம் இருக்கும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன். வகுப்பில் கேள்வி கேட்டதற்காக யாரையும் நான் பெஞ்சில் ஏற்றியதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.