சொல்லிவைக்காத விருப்பம்

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே வேலை பார்த்த துப்புரவுப் பணியாளர் ஒருவரால் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கியதில் மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டது. பிறகு அவர் தன்னிலைக்குத் திரும்பவேயில்லை. 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார். இடைப்பட்ட ஏறத்தாழ 42 ஆண்டுகள் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டவர்கள் அந்த மருத்துவமனைச் செவிலியர்கள். அருணாவை நிம்மதியாகப் போக விடுங்கள் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தை நாடினார். கூடவே கூடாது என்றார்கள் செவிலியர்கள். அருணாவுக்காகப் பேசும் உரிமை செவிலியர்களுக்கே என்று 2011இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. ஆனால் அதே தீர்ப்பில், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்ற வழியையும் திறந்துவைத்தது. இரு தரப்பிலும் அன்புக்குக் குறைவில்லை. அருணா எதை விரும்பியிருப்பார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

உயிர் புனிதமானது என்போரும், தன் உடல் பற்றி முடிவெடுப்பது தன் உரிமை என்போரும் ஒருவரையொருவர் எதிரிகளாகப் பார்க்கத் தேவையில்லை என்றே நான் நினைக்கிறேன். உயிரின் புனிதத்தை விட்டுக்கொடுக்காத கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் பன்னிரண்டாம் பயஸ், 1957இல் மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசும்போது, அசாதாரணமான சிகிச்சைகளை ஏற்க வேண்டிய கடமை நோயாளிக்கு இல்லை என்று தெளிவாகச் சொன்னார். நுரையீரல் முற்றாகக் கெட்டுப்போனவர் வென்டிலேட்டர் வேண்டாம் என்றால் அவரைக் கொல்வது நோய்; மருத்துவர் அல்லர். விஷ ஊசி போடுவது வேறு. அதை இந்தியச் சட்டம் இன்றும் குற்றமாகவே கருதுகிறது. அந்தக் கோடு அழியக் கூடாது என்பதே என் கருத்தும். 2018 மார்ச் 9 அன்று தீபக் மிஸ்ரா தலைமையிலான உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, கண்ணியமாகச் சாவதும் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. நினைவு தப்பிப்போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் ‘லிவிங் வில்’லுக்கும் அது அங்கீகாரம் கொடுத்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் எனக்குக் கனமாகப்படுவது ஒன்றுண்டு. நம் குடும்பங்களில் முடிவெடுப்பது நோயாளியா? சொத்துக்குக் காத்திருப்பவர்கள் கையில் இந்தச் சட்டம் போனால் என்ன ஆகும்? விருதுநகர் பக்கத்துத் தலைக்கூத்தலைத் தெரிந்த எவரும் இந்தப் பயத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவரை ‘அனுப்பிவைக்கும்’ வழக்கம் அது. ஆனால் அது நடப்பது வீட்டுக்குள், எந்தத் தாளிலும் பதியாமல். பெரிய மருத்துவமனைகளிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. பணம் தீர்ந்த வீட்டார் ‘எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்’ என்று கையெழுத்திட்டு, ஐ.சி.யூ.விலிருந்து நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். அந்த வழியில் வலிக்கு மருந்துகூட இருப்பதில்லை. அவரைக் கேட்டார்களா என்று யாரும் விசாரிப்பதில்லை. அத்துமீறலுக்கு இடம் தருவது இந்தப் பேச்சற்ற நிலைதான். லிவிங் வில்லுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று வேண்டும். சிகிச்சையை விலக்குமுன் இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியே ஒப்ப வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போக வேண்டும். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் அதை ரத்து செய்யலாம். ‘கடைசிவரை எல்லாச் சிகிச்சையும் கொடுங்கள்’ என்றும் எழுதலாம், அவசரப்படும் வாரிசுக்கு எதிராக அதுவே அவருக்குக் காவல். 2018இல் விதித்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்ததால், 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதைத் தளர்த்தி, குழுக்கள் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றது.

இன்னொரு கேள்விக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது. வலியில் துடிப்பவரிடம் போய் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டால், அவர் சொல்வது அவருடைய முடிவா, வலியின் முடிவா? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் புற்றுநோயாளியின் வலியைத் தணிக்கும் மார்ஃபினையும் எட்டாக்கனியாக்கியது; 2014இல் திருத்தம் வந்த பின்னும் பல மருத்துவமனைகளில் அது கிடைப்பதில்லை. கேரளம் 2008லேயே நோய் ஆதரவுச் சிகிச்சைக்கு அரசுக் கொள்கை வகுத்தது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தமிழ்நாடும் வீட்டுக்கே போய் அந்தச் சிகிச்சையைத் தருவதைச் சேர்த்திருக்கிறது. வலி அடங்கிய பிறகு வரும் ‘போதும்’ என்ற சொல்லைத்தான் மருத்துவர் முழு நம்பிக்கையோடு ஏற்க முடியும். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரியில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மருத்துவமனைகள் எப்படி நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அப்படிப்பட்ட உத்தரவு எங்கு வந்தாலும், மருத்துவக் குழு அமைப்பதோடு அது நின்றுவிடக் கூடாது. அந்தக் குழு கூடும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் மார்ஃபின் இருப்பு வைக்க வேண்டும், அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதையும் அதே உத்தரவில் எழுத வேண்டும்.