கண்டியிலே மூன்று மதுச்சாலைகள்

நேயர்கள் தலைப்பைக் கண்டு பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். இப்பகுதியை எழுதுபவன் மது அருந்துபவனல்லன். அறுபத்தெட்டு வயது வரையில் தேநீரோடு காலங் கழித்தவன். ஆயினும் சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மதுச்சாலைகளின் வாயிலை மிதிக்கும்படி நேர்ந்தது. அதற்குக் காரணம் என் மருமகன்.

கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் அப்பிள்ளைக்கு வயது இருபத்தாறு. எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள மதுச்சாலைகளைப் பார்த்து ஒன்றோடொன்று ஒப்பிடுவது அவனுடைய பொழுதுபோக்கு. "கோயிலைப் பார்த்தால் ஊரின் பக்தி தெரியும், இதைப் பார்த்தால் ஊரின் நடப்புத் தெரியும், மாமா" என்றான். என் தங்கை முகத்தைச் சுளித்தாள். பிறகு என்னைத் தனியே அழைத்து, "அண்ணா, நீங்களும் கூடப் போங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு குவளையோடு நிறுத்திக்கொள்வான்" என்றாள்.

முதலிற் சென்றது, தலதா மாளிகைக்கு எதிரே வாவிக்கரை மூலையில் நிற்கும் குயீன்ஸ் ஹோட்டலுக்கு. ஆங்கிலேயர் காலத்துக் கட்டடம். மவுண்ட்பேட்டன் பிரபு 1944 ஆம் ஆண்டில் தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, கண்டி நகரமே படை அதிகாரிகளால் நிரம்பிவிட்டதாம். அந்தக் காலத்தின் வாசனை இன்னும் போகவில்லை. நாற்காலியில் அமர்ந்தோம். பணியாளர் வந்து வணங்கினார். மருமகன் பியர் கேட்டான். நான் எலுமிச்சம் பழச்சாறு கேட்டேன். இரண்டும் ஒரே தட்டில், ஒரே மரியாதையுடன் வந்தன.

பியரைப் பற்றி மருமகன் ஒரு பிரசங்கமே செய்தான். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1849 இல் நுவரெலியாவிலே பியர் வடிக்கத் தொடங்கியதில் ஆரம்பித்து, அம்மலையில் வடித்த கறுப்புப் பியரைக் கண்டியில் யூ. கே. டி. சில்வா கடையிலே கைப்பம்பினால் இறைத்து ஊற்றிய காலம் வரை வந்துவிட்டான். மைக்கேல் ஜாக்சன் அதைப் புகழ்ந்து எழுதியிருக்கிறாராம். பாட்டுக்காரர் ஜாக்சனல்லர், பியரைப் பற்றியே நூல்கள் எழுதிய ஆங்கிலேயர் ஒருவர்.

அடுத்த மேசையில் இரு ஐரோப்பிய மாதர் குவளையுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தனர். இந்நாட்டிலே தவறணைகளில் பெண்களுக்கு மது விற்பதை 1979 ஆம் ஆண்டின் கட்டளையொன்று தடுத்திருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில தினங்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை இரத்துச் செய்வித்தார். சட்டம் எந்த வாசலில் நிற்கிறது, எந்த வாசலில் நிற்பதில்லை என்பதை யோசித்துக்கொண்டே எழுந்தேன்.

இரண்டாவது இடம் வாவிக்கு மேலே குன்றுச் சரிவில். அதைப்பற்றி எழுத அதிகமில்லை. இளைஞர் கூட்டம், உரத்த சங்கீதம், பொரித்த கோழி. ஆனால் அவ்வீதியின் பெயர் அநகாரிக தர்மபால மாவத்தை. மதுவை எதிர்த்து ஊரூராகப் பிரசங்கஞ் செய்த பெரியாரின் பெயர்ப்பலகைக்கு அருகில் மதுச்சாலையின் விளக்கு எரிகிறது. மருமகனுக்கு அது தெரியாது. நான் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தான்.

"மூன்றாவதை நீங்கள் தெரிவு செய்யுங்கள், மாமா" என்றான்.

பஸ் ஏறினோம். தேயிலைத் தோட்டங்களுக்கிடையே ஏறிச்செல்லும் வீதியில் ஒரு சந்தியில் இறங்கினோம். முன்னாளில் அங்கிருந்ததைத் தவறணை என்போம்; போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். இன்று பலகையில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்றிருக்கிறது. வைன் வாங்குவோரை நான் காணவில்லை. கம்பிவலையில் ஒரு துவாரம். அதில் பணத்தை நீட்டினால் கால் போத்தல் சாராயம் வெளியே வரும். உட்கார ஒரு பலகைகூட இல்லை. வாங்கியவர்கள் கட்டடத்தின் பின்புறம் சென்று, நின்றபடியே, தண்ணீருங் கலவாமல், இரண்டு மிடறில் முடித்துவிட்டு வந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கிலே ஒரு முழுப் போத்தல் இரண்டு நாட் சம்பளத்துக்கும் அடங்காது.

தவறணைகள் தாமாக இவ்விடங்களுக்கு வரவில்லை. கோப்பித் தோட்டக் காலத்திலேயே அரசாங்கம் சாராயக் குத்தகையை ஏலங் கூறி விற்றது. கரையோரத்தில் வடித்த தென்னஞ் சாராயம் கூலியாட்கள் இருந்த மலைக்கு ஏறியது. அக்குத்தகைப் பணத்தில் எத்தனை பெருங்குடும்பங்கள் எழுந்தன என்பதைக் குமாரி ஜயவர்தன 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விரித்திருக்கிறார். 1912 இன் மதுவரிச் சட்டம் பழைய குத்தகை முறையை மாற்றியது. சந்திகள் மாறவில்லை.

"இது ஒரு கடையா, மாமா? இதில் ஒப்பிட என்ன இருக்கிறது?" என்றான் மருமகன்.

அப்போதுதான் சொன்னேன். சம்பள நாளில் என் தாயார் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, லயத்திலிருந்து இச்சந்திக்கு நடந்து வருவார். கையில் ஒரு லாந்தர். அதோ அந்த மதகின் மேல் உட்கார்ந்திருப்போம். தங்கை அம்மாவின் தோளில் உறங்கிவிடுவாள். தந்தையார் வெளியே வந்ததும், மடியில் மிஞ்சியதை அம்மா வாங்கிக்கொள்வார். சில மாதங்களில் மிஞ்சியது. ஒரு மாதம் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மாதந்தான் கண்டியிலே பெரிய பள்ளிக்கூடத்தில் எனக்கு இடங் கிடைத்திருந்தது. அம்மாவின் தோடு விற்கப்பட்டது. தந்தையார் கெட்டவரல்லர். காமன் கூத்தில் அவர் பாடினால் நான்கு தோட்டத்தார் கூடுவார்கள். நாற்பத்தைந்து வயதில் ஈரல் கெட்டு மாண்டார்.

வீட்டுச் சுவரிலே மாலையிட்டிருக்கும் தாத்தாவின் படத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை அவன். நெடுநேரம் மதகையே பார்த்திருந்தான்.

"முதலிற் போன இடத்தைப்போல் இங்கும் ஒரு நாற்காலி இருந்திருந்தால், தாத்தா மெதுவாகக் குடித்திருப்பாரோ?" என்றான்.

"இருந்திருக்கலாம், தம்பி. ஆனால் நாற்காலி போட்ட இடங்களின் வாசலில், கம்பளி போர்த்தியவரை அன்று யார் உள்ளே விடுவார்கள்?"

அங்கே அவன் ஒன்றும் வாங்கவில்லை. கடைசிப் பஸ்ஸிலே திரும்பினோம்.

தங்கை தேநீருடன் காத்திருந்தாள். "எந்தக் கடை உயர்த்தி?" என்று பரிகாசமாகக் கேட்டாள். "முதற்கடையில் பியர் நன்றாயிருந்தது" என்றான் மகன். சற்றுப் பொறுத்து, "பாட்டியின் தோடு எப்படி இருக்கும், அம்மா?" என்றான்.

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவனருகே உட்கார்ந்தாள்.